வடசென்னையில் ஓடும் பிக்கப் வண்டிக்கு நீடித்து உழைக்கும் ஏ.டி. டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூரில் டயர் மாற்றி வீல் அலைன்மென்ட் பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றுபவர்கள், மணலியில் ஒப்பந்த வேலை எடுத்திருப்பவர்கள், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ஆட்களையும் கருவிகளையும் கொண்டுசெல்பவர்கள், விடுமுறை நாளில் பழவேற்காட்டுக்குப் புறப்படுபவர்கள் என யார் வந்தாலும் சந்தேகங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன். எளியவை முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

ஏ.டி. டயர்னா என்ன? கம்பெனியில வர்ற டயருக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

ஏ.டி. என்பது ஆல் டெரெய்ன். தார்ச்சாலையிலும், மண்ணும் ஜல்லியும் சேறும் கலந்த தரையிலும் ஒரே டயரில் ஓடுவதற்காக வடிவமைக்கப்பட்ட வகை இது. பெரிய பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் ஆலையிலிருந்து எச்.டி. எனப்படும் நெடுஞ்சாலை வகை டயரோடு வருகின்றன. அதில் பட்டன்கள், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள், நெருக்கமாக இருக்கும், புதிதாக இருக்கும்போது அவற்றுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம் 8 மி.மீ. அளவில் இருக்கும். ஏ.டி. வகையில் பட்டன்கள் பெரியவை, இடைவெளி அகலமானது, ஆழம் பொதுவாக 10 முதல் 13 மி.மீ. வரை இருக்கும். எம்.டி. என்று மூன்றாவதாக ஒரு சேற்று வகை உண்டு. தார்ச்சாலையில் அது இரைச்சலிடும், விரைவில் தேயும் என்பதால் இந்தப் பக்கத்தில் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

பார்வைக்குத் தெரிவது பட்டன்தான் என்றாலும், நம் பகுதிக்கு ஏ.டி. தரும் பெரிய பயன் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. பல ஏ.டி. டயர்களில் பக்கச்சுவர் தடிப்பாக இருக்கிறது. கூரான கல் பட்டால் துண்டு துண்டாகப் பிய்ந்துபோகாத ரப்பர்க் கலவையும் பயன்படுத்தப்படுகிறது. வாங்கும்போது விசாரிக்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

நான் ஓட்டுறது எல்லாம் தார் ரோடுதான். எனக்கு இது தேவையா?

அண்ணா நகருக்கும் கிண்டிக்கும் போய்வருகிற வண்டி என்றால் தேவையில்லை; நல்ல எச்.டி. டயரே அதிக கிலோமீட்டர் உழைக்கும், மழையில் நன்றாகப் பிடிக்கும், டீசலும் குறைவாகச் செலவாகும். தோற்றத்துக்காக மட்டும் ஏ.டி. கேட்பவர்களிடம் இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். அவர்களில் பாதிப் பேர் கேட்பதில்லை.

ஆனால் வரைபடத்தில் தார்ச்சாலை என்று இருப்பதெல்லாம் வடசென்னையில் தார்ச்சாலை அல்ல. எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் டிரெய்லர்கள் இரவு பகலாக ஓடுவதால் மேற்பரப்பு பெயர்கிறது. ஜல்லி சிதறிக் கிடக்கிறது. நெரிசலில் வண்டியைச் சாலையோர மண்ணில் இறக்க வேண்டியிருக்கிறது. அத்திப்பட்டு, வல்லூர், மீஞ்சூர் பக்கம் வேலைத்தளத்துக்குள் நுழைந்தால் சாலையே கிடையாது. உங்கள் ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப்பட்ட தரையில் போகிறது என்றால், மிதமான பட்டன் கொண்ட ஏ.டி. பொருத்தமானது. பட்டன்களுக்கு நடுவே விரலே நுழையும் அளவுக்கு முரட்டு இடைவெளி கொண்டது அப்போதும் வேண்டாம்.

என் வண்டி சின்ன லோடு பிக்கப். அதுக்கும் ஏ.டி. கிடைக்குமா?

ட்யூப் போட்ட 7.00-15, 7.00-16 போன்ற அளவுகளில் கடைக்காரர்கள் ரிப், லக், செமி லக் என்றுதான் பேசுவார்கள். நீளவாக்கில் கோடு போட்டது ரிப், குறுக்கே கட்டை கட்டையாக இருப்பது லக், இரண்டும் கலந்தது செமி லக். ஏ.டி. செய்யும் வேலையை இந்த வண்டிகளுக்குச் செமி லக் செய்துவிடும். முன்னால் ரிப்பும் பின்னால் செமி லக்கும் போட்டு ஓட்டுவது கைகண்ட முறை. ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான் டயரும் (உள்ளிழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய வகை) மறுபக்கம் ரேடியலும் (உள்ளிழைகள் நேர்குறுக்காக ஓடும் வகை) போடுவது மட்டும் ஒருபோதும் கூடாது, ஏனெனில் இரண்டும் வளைகிற விதம் வேறு என்பதால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

டயர் சைடுல ஏகப்பட்ட நம்பர் இருக்கு. இதுல நான் எதைப் பார்க்கணும்?

265/60 ஆர்18 என்று இருந்தால், அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 விழுக்காடு, கட்டமைப்பு ரேடியல், ரிம் 18 அங்குலம் என்று பொருள். இதை எல்லோரும் பார்க்கிறார்கள். இதற்கு அடுத்து வரும் எண்ணையும் எழுத்தையும்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த எண் ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிக்கும்: 104 என்றால் 900 கிலோ, 106 என்றால் 950, 110 என்றால் 1,060, 112 என்றால் 1,120, 115 என்றால் 1,215. எழுத்து வேகத்தைக் குறிக்கும்: க்யூ 160 கி.மீ., எஸ் 180, டி 190. நம் சாலையில் வேக எழுத்து பெரிய கவலையில்லை. எடை எண்தான் டயரின் ஆயுளைத் தீர்மானிப்பது.

ஒரு கணக்கு பாருங்கள். பதிவுச் சான்றில் வண்டியின் மொத்த எடை 2,900 கிலோ என்று இருக்கிறது. சுமை ஏற்றியபின் அதில் 1,900 கிலோ பின் அச்சில் விழுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு பின் டயருக்கு 950 கிலோ வருகிறது. 104 எண் போட்ட டயர் அதற்குப் போதவே போதாது, 106 விளிம்பில் நிற்கும், 112 இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். வண்டியோடு வந்த டயரின் எண்ணைவிடக் குறைந்த எண் கொண்டதை, விலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் போடாதீர்கள்.

கடைசியாக ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் டயர்களுக்கு இது கட்டாயம். கார் வகைக்கு ஐ.எஸ். 15633 என்றும் வணிக வண்டி வகைக்கு ஐ.எஸ். 15636 என்றும் தர எண் இருக்கும்.

கடைக்காரர் பழைய ஸ்டாக்னு சொல்லி விலை குறைச்சுத் தர்றாரு. வாங்கலாமா?

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. நிழலில், வெயிலும் எண்ணெயும் படாமல் வைத்திருந்த ஓராண்டுச் சரக்கை, விலை குறைவாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். மூன்று ஆண்டைத் தாண்டியதை வேண்டாம் என்பேன். காரணம், ஏ.டி. டயர் ஆழமான பட்டனோடு வருவதால் குறைவான கிலோமீட்டர் ஓடும் வண்டியில் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பருக்கு வயதாகிவிடும். ஐந்து ஆண்டு ஆனபின் ஆண்டுதோறும் டயரைச் சோதிக்க வேண்டும் என்றும், பத்து ஆண்டுக்கு மேல் எந்த நிலையில் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்றும் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். கடையின் வாசலில் வெயிலில் அடுக்கி வைத்த டயருக்கு இந்தக் கணக்கு செல்லாது.

எந்தக் கம்பெனி டயர் ரொம்ப நாள் உழைக்கும்? ஒரே ஒரு பேர் சொல்லுங்க.

ஒரு பெயரைச் சொன்னால் அது பொய்யாகிவிடும், ஏனெனில் ஒரே நிறுவனத்தின் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம், இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே உள்ளதைவிடப் பெரிதாக இருக்கிறது. 1946இல் இதே திருவொற்றியூரில் பலூன் செய்யும் கூடமாகத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப்.; அப்போலோவுக்கு ஒரகடத்திலும் ஜே.கே. டயருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் ஆலைகள் இருக்கின்றன. சியட், யோகோஹாமா, பிரிட்ஜ்ஸ்டோன் ஆகியவற்றிலும் ஏ.டி. மாதிரிகள் உண்டு. உங்கள் அளவில், உங்களுக்கு வேண்டிய எடை எண்ணில், இரண்டு அல்லது மூன்று மாதிரிகள்தான் கடையில் இருக்கும் என்பதால் தேர்வு தானாகவே சுருங்கிவிடும்.

வெளிநாட்டு டயர்களைப் பொறுத்தவரை, 2020 ஜூனில் புதிய டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. அதிலிருந்து சில பெயர்பெற்ற மாதிரிகள் விட்டுவிட்டுத்தான் வருகின்றன. நான்கு வாங்கிவிட்டு, பக்கச்சுவர் கிழிந்து ஐந்தாவது தேவைப்படும்போது அதே டயர் கிடைக்குமா என்பதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். நம் சாலையில் இது வெறும் கற்பனைக் கவலை அல்ல. விலைப் பட்டியலைப் பழையதோடு ஒப்பிடுபவர்கள், டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, எத்தனை கிலோமீட்டர் ஓடும்னாவது சொல்லுங்க.

சுமை, காற்று, ஓட்டுநரின் கால் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் ஏ.டி. டயரிடம் 40,000 முதல் 60,000 கி.மீ. வரை எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் இந்தப் பொது எண்ணைவிட உங்கள் வண்டிக்கான எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். பட்டன் ஆழம் பார்க்கும் அளவுகோல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டயர் போட்ட அன்றும் 10,000 கி.மீ. ஓடிய பிறகும் ஒரே பள்ளத்தில், உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்று இடத்தில் அளந்து குறித்துவையுங்கள்.

புதிதில் 11 மி.மீ. இருந்தது 9.6 ஆகியிருந்தால் 10,000 கி.மீ.க்கு 1.4 மி.மீ. தேய்கிறது. சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், அந்த மட்டத்தைக் காட்டும் சிறு மேடுகள் பள்ளங்களுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்து நான் 3 மி.மீ.யோடு நிறுத்தச் சொல்வேன். அப்படியானால் பயன்படக்கூடிய ஆழம் 8 மி.மீ.; அதை 1.4 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 57,000 கி.மீ. கிடைக்கிறது. டயரின் விலையை இதனால் வகுத்தால் கிலோமீட்டருக்கு எத்தனை காசு என்று தெரிந்துவிடும். 9,000 ரூபாய் டயர் 40,000 கி.மீ. ஓடினால் இருபத்திரண்டரைக் காசு, 13,000 ரூபாய் டயர் 65,000 ஓடினால் 20 காசு. விலை கூடியதுதான் அங்கே மலிவு. மூன்று இடத்து அளவுகளும் ஒன்றாக இல்லாவிட்டால் அதற்கான காரணம் காற்றிலோ அலைன்மென்டிலோ இருக்கிறது. கீழே காற்றைப் பற்றிய கேள்வியில் அதை விளக்கியிருக்கிறேன்.

பட்டன் ஆழமா இருந்தா அதிக நாள் வரும்தானே?

எப்போதும் அல்ல. உயரமான பட்டன் திருப்பத்திலும் பிரேக்கிலும் அசைகிறது. அசைவு சூட்டை உண்டாக்குகிறது. சூடான ரப்பர் சீக்கிரம் தேய்கிறது. மே மாதத்து மதியத்தில் சுமையோடு ஓடும் வண்டியில் 13 மி.மீ. முரட்டுப் பட்டன், 10 மி.மீ. நெருக்கமான பட்டனுக்கு முன்பாகவே தீர்ந்துபோவதைப் பார்க்கலாம். நடுவில் பட்டன்கள் ஒன்றையொன்று தாங்கும்படி இணைந்திருக்கின்றனவா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். எளிதில் மடங்கும் பட்டன் தார்ச்சாலைக்கு ஆகாது.

நெட்ல 60,000 கேரன்ட்டினு போட்டிருக்கு, ட்ரெட்வேர் 600னும் போட்டிருக்கு. நம்பலாமா?

அந்த 60,000 அமெரிக்க மைல். நம் கணக்கில் ஏறத்தாழ 96,500 கி.மீ. அது அந்த நாட்டில், அங்கே விற்கும் டயருக்கு, அவர்கள் விதிக்கும் நிபந்தனைகளோடு தரப்படும் உறுதி. அதே பெயரில் இங்கே தயாராகும் டயருக்கு அது பொருந்தும் என்று எண்ணக் கூடாது. நம் நாட்டில் வழக்கமாகக் கிடைப்பது தயாரிப்புக் குறைபாட்டுக்கான வாரண்டி.

ட்ரெட்வேர் என்பது அமெரிக்க அரசு விதிப்படி, ஓர் ஒப்பீட்டு டயரை 100 என்று வைத்துக்கொண்டு தயாரிப்பாளரே தரும் எண். 600 என்றால் சோதனைப் பாதையில் ஆறு மடங்கு மெதுவாகத் தேய்ந்தது என்று பொருளே தவிர, கிலோமீட்டருக்கு நேரடியாக மாற்ற முடியாது. அதைவிட முக்கியமாக, எல்.டி. எனப்படும் இலகுரகச் சரக்கு வண்டி வகை டயர்களுக்கும் ஆழமான பட்டன் கொண்டவற்றுக்கும் அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே பல நல்ல ஏ.டி. டயர்களில் அந்த எண்ணே இருக்காது. அது இல்லாததைக் குறையாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். மூன்று சிகர மலையும் பனித்துகளும் போட்ட சின்னத்தைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அது பனித்தரைச் சோதனையில் தேறியதற்கான அடையாளம். மாதவரத்தில் அதற்கு வேலையில்லை.

எல்.டி. போட்டதை வாங்கணுமா, சாதா போதுமா? 10 பிளைனா ரொம்ப ஸ்ட்ராங்கா?

அளவுக்கு முன்னால் எல்.டி. என்று இருந்தால் அது இலகுரகச் சரக்கு வண்டிக்கென்று செய்யப்பட்டது; உறை, அதாவது பட்டனுக்கு அடியில் இருக்கும் டயரின் உடல், தடிப்பானது, அதிகக் காற்றைத் தாங்கும். 8 பிளை, 10 பிளை என்பது இன்று உண்மையான அடுக்குகளின் எண்ணிக்கை அல்ல, வலிமையைச் சொல்லும் பழைய கணக்கின் தொடர்ச்சி. தினமும் முழுச் சுமை ஏற்றுகிறவர்களும், பெயர்ந்த ஜல்லியில் பக்கச்சுவரை அடிக்கடி கிழித்துக்கொள்கிறவர்களும் எல்.டி. வாங்குவது நல்லது. நான்கு பேரும் ஒரு கருவிப்பெட்டியும் மட்டும் போகிற வண்டிக்கு அது தேவையற்ற எடை. சவாரி குலுங்கும், டீசலும் கூடுதலாகச் செலவாகும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரே எடையைத் தாங்க எல்.டி. டயருக்குச் சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்று வேண்டும். பழைய டயருக்கு வைத்த அதே காற்றை எல்.டி.க்கு வைத்தால் டயர் உள்ளுக்குள் காற்றுக் குறைவாகவே ஓடும், வெளியே பார்த்தால் தெரியாது. தயாரிப்பாளரின் எடை–காற்று அட்டவணையைக் கடையில் கேட்டு வாங்குங்கள். இதற்கு நேரெதிராக, கார் வகை டயரைச் சுமை வண்டியில் போடுபவர்கள் அதன் தாங்குதிறனை 1.1 ஆல் வகுத்துக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். நம் ஊரில் ஏற்றும் சுமைக்கு அந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

காத்து எவ்வளவு வைக்கணும்? போகும்போது லோடு, வரும்போது காலி.

ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் காலி வண்டிக்கு ஓர் அளவும் முழுச் சுமைக்கு ஓர் அளவும் இருக்கும். ஆலை அளவு டயராக இருக்கும்வரை அதுதான் சட்டம். டயரின் பக்கச்சுவரில் போட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதை அப்படியே நிரப்புபவர்கள் நடுப்பட்டனைத் தேய்த்துவிடுகிறார்கள். காற்றுக் குறைவாக ஓட்டுபவர்களுக்கு இரண்டு ஓரமும் தேயும். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்தால் காற்றைக் குறை சொல்லாமல் அலைன்மென்ட் பாருங்கள். பெரிய பள்ளத்தில் விழுந்தபின், 10,000 கி.மீ. ஆகும்வரை காத்திருக்காமல் உடனே பார்த்துவிடுவது நல்லது.

காசிமேட்டில் ஐஸோடு மீன் ஏற்றிப் போய்க் காலியாகத் திரும்புகிற வண்டிக்கு இரண்டு அளவும் ஒரே நாளில் தேவைப்படும். இரண்டு முறை காற்று மாற்ற யாருக்கும் நேரம் இருக்காது. அப்படியானால் சுமைக்கான அளவையே வைத்துவிடுங்கள். காலியாக வரும்போது நடுப்பட்டன் சற்றுத் தேய்வது நஷ்டம்தான், ஆனால் சுமையோடு காற்றுக் குறைவாக ஓடினால் டயர் சூடேறி உள்ளே கம்பி அடுக்கு பிரிந்துவிடும். பட்டன் பாதிக்கு மேல் இருக்கும்போதே குப்பையில் போடப்படும் டயர்களில் பெரும்பகுதி இப்படி வந்தவைதான்.

காற்றைக் காலையில், வண்டி எடுக்கும் முன் பாருங்கள். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி ஏறினால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. கூடும், ஓடிச் சூடான டயர் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுவது இயல்பு. கூடிவிட்டதே என்று நடுவழியில் பிடுங்கிவிடாதீர்கள்.

நைட்ரஜன் போட்டா டயர் அதிகம் உழைக்குமா?

சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். கசிவு சற்றுக் குறையும், வேறு பெரிய பயன் இல்லை. இலவசமாகக் கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல காற்றளவுமானி வாங்குங்கள்.

அண்ணே, ஒரு சைஸ் பெருசா போட்டா கெத்தா இருக்கும். போடலாமா?

245/70 ஆர்16 டயரின் உயரம் ஏறத்தாழ 749 மி.மீ.; 265/70 ஆர்16 போட்டால் 777 மி.மீ. வித்தியாசம் 3.7 விழுக்காடு. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 83இல் ஓடும். கிலோமீட்டர் மீட்டர் குறைவாக ஓடுவதால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற கேள்வியில் சொன்ன தேய்மானக் கணக்கும் பிசகும். கனமான சக்கரத்தைச் சுழற்றவும் நிறுத்தவும் கிளட்சும் பிரேக்கும் கூடுதலாக உழைக்கும். முழுத் திருப்பத்தில், சுமையோடு, மட்கார்டில் உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் முதலில் தேடுவது இத்தகைய மாற்றங்களைத்தான். உங்கள் மாதிரியின் உயர்வகைக்கு ஆலையே கொடுக்கும் அளவு வரை போவதில் பெரிய தொல்லை இல்லை. அதற்கு மேல் நான் மாட்டித் தருவதில்லை.

வாரத்துக்கு ஒரு பஞ்சர். ஏ.டி. போட்டா ஆணி ஏறாதா?

ஆணி ஏறத்தான் செய்யும். இரும்புக் கழிவு ஏற்றிய லாரிகள் போகும் சாலையில் எந்த டயரும் தப்பாது. தடித்த ரப்பரால் சிறு ஆணிகள் உறையைத் துளைக்காமல் நின்றுவிடும் என்ற அளவில்தான் லாபம். ஆனால் அகன்ற பள்ளங்களில் ஜல்லி சிக்கிக்கொண்டு, ஓட ஓட உள்நோக்கித் துளைக்கும். பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் வார்த்த மாதிரியில் கல் தங்குவது குறைவு. வாரம் ஒருமுறை திருப்புளியால் கற்களை எடுத்துவிடுவது, சலிப்பான வேலையானாலும், டயரைக் காக்கும்.

பஞ்சர் ஒட்டும்போது டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் பேட்ச் போடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து செருகும் குச்சி, வீட்டுக்கு வந்துசேர்வதற்கான ஏற்பாடு மட்டுமே. பக்கச்சுவரிலும் அதை ஒட்டிய தோள்பகுதியிலும் ஓட்டை விழுந்தால், எந்தப் பஞ்சர் கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும், அந்த டயரைச் சுமை வண்டியில் மறுபடி போடக் கூடாது.

மழையில ஏ.டி. டயர் வழுக்கும்னு சொல்றாங்களே?

தேங்கிய நீரைக் கிழிப்பதில் ஏ.டி. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஈரத் தாரில் திடீரென்று பிரேக் பிடித்தால், தரையைத் தொடும் ரப்பர் குறைவு என்பதால், எச்.டி. டயரைவிடச் சற்றுத் தள்ளித்தான் நிற்கும். மிகக் கடினமான கலவை நீண்ட நாள் உழைக்கும், ஈரத்தில் பிடிப்பைக் குறைக்கும். சிலிக்கா கலந்த கலவைகள் இந்த இரண்டையும் ஓரளவு சமன்செய்கின்றன. பட்டன்களின் மேல் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும் மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். ஈரத்தில் பிடிப்பது அந்தக் கீறல்கள்தான். சில டயர்களில் அவை பாதி ஆழத்திலேயே முடிந்துவிடும், எனவே எவ்வளவு ஆழம் போகின்றன என்றும் பாருங்கள்.

வெள்ளத்துல எண்ணெய்த் தண்ணியில வண்டி நின்னுது. டயர் போச்சா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம்வரை பரவியபிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்து இளகச் செய்யும். சில மணி நேரம் நின்று, உடனே சோப்பு நீரால் கழுவியிருந்தால் பெரும்பாலும் பாதிப்பு இருக்காது. பல நாள் நின்றிருந்தால் டயரைக் கழற்றி உள்பக்கமும் பார்க்க வேண்டும். ரப்பர் பிசுபிசுப்பாகவோ நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுவதாகவோ இருந்தால் மாற்றிவிடுங்கள். எண்ணெயைப் போக்க டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றிக் கழுவுகிறவர்கள் அதே கேட்டை இரண்டாம் முறை செய்கிறார்கள்.

மீன் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை உப்புநீர். அது ரப்பரைவிட ரிம்மைத்தான் தின்கிறது. டயர் உட்காரும் விளிம்பில் துரு ஏறினால் காற்று மெல்லக் கசியும். பஞ்சர் எங்கே என்று தேடிக் கிடைக்காமல் திரும்பிவருபவர்கள் பலர். டயர் மாற்றும்போது அந்த விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

பழவேற்காடு மணல்ல மாட்டிக்கிட்டேன், ஏ.டி. போட்டுமே. ஏன்?

மணலில் வண்டியை மிதக்க வைப்பது தரையைத் தொடும் பரப்பு, பட்டன் அல்ல. ஏ.டி. பட்டன் சாலைக் காற்றோடு இருந்தால் மணலைத் தோண்டித் தன்னையே புதைத்துக்கொள்ளும். காலி வண்டிக்கு 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, மெதுவாக, ஸ்டியரிங்கை வெட்டாமல் ஓட்டுங்கள். 15க்குக் கீழே போனால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடலாம். தார்ச்சாலை ஏறும் முன் கம்ப்ரசரால் காற்றை நிரப்பியாக வேண்டும். குறைந்த காற்றில் பொன்னேரிவரை வேகமாக வந்தாலே ஒரு டயரைக் கெடுக்கப் போதும். தை முதல் பங்குனிவரை கடலாமைகள் கரையேறி முட்டையிடும் காலம் என்பதால், அப்போது கடற்கரையில் வண்டியே இறக்காமலிருப்பது முறை.

ரெண்டு டயர் மட்டும் மாத்தினா போதுமா? ஃபோர் வீல் டிரைவுக்கும் அதே கணக்கா?

இரண்டு மட்டும் வாங்கினால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். முன்சக்கரம் வழுக்கினால் ஓட்டுநர் உணர்ந்து வேகத்தைக் குறைப்பார். ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். ஒரே அச்சில் இரண்டு வகையோ, இரண்டு அளவு தேய்மானமோ கூடாது.

வி-க்ராஸ், ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் இருப்பது தேவைப்படும்போது மட்டும் பூட்டிக்கொள்ளும் நான்கு சக்கர இயக்கம். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கப்படுவதால், டயர் உயரத்தில் வித்தியாசம் இருந்தால் அந்த முறுக்கு கியர்ப் பகுதியில் தேங்கும். காய்ந்த தாரில் அதைப் போட்டு ஓட்டினால் புது டயராக இருந்தாலும் திருப்பத்தில் இழுத்துத் தேயும். ஆகவே இந்த வண்டிகளுக்கு நான்கையும் ஒன்றாக மாற்றுவதும், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் சுழற்சியில் விடுவதும் சிறந்தது.

டயர் ரம்பப் பல் மாதிரி தேயுது, ஹம்முனு சத்தம் வருது. டயர் மட்டமா?

பட்டனை முன்னோக்கித் தடவினால் வழவழப்பாகவும் பின்னோக்கித் தடவினால் கூராகவும் இருந்தால், ஒவ்வொரு பட்டனும் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது என்று பொருள். ஏ.டி. டயர்களில் இது அதிகம். காலியாக ஓடும் பிக்கப்பின் பின்சக்கரத்தில் இன்னும் அதிகம். இடம் மாற்றாமல் ஓட்டியதே பெரும்பாலும் காரணம். 8,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றினால் தொடக்கத்திலேயே சரியாகிவிடும். நன்றாக முற்றிய பிறகு மாற்றினால் தேய்மானம் நிற்கும், ஆனால் சத்தம் முழுவதும் போகாது. சுழற்சித் திசையைக் காட்டும் அம்புக்குறி உள்ள டயரை இடம் வலமாக மாற்றக் கூடாது.

ரீட்ரெடிங் பண்ணலாமா? இல்ல செகண்ட் ஹேண்ட் ஏ.டி. வாங்கலாமா?

தேய்ந்த டயரின் மேல் புதிய பட்டன் ரப்பரை ஒட்டுவதுதான் ரீட்ரெடிங். லாரி டயருக்கு அது நல்ல கணக்கு. பிக்கப் டயருக்கு லாபம் குறைவு. உறை வெட்டுப்படாமலும் ஒருமுறைகூடக் காற்றில்லாமல் ஓடாமலும் இருந்தால் மட்டும், பின்சக்கரத்துக்கு மட்டும் யோசிக்கலாம். முன்சக்கரத்துக்கு வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் டயரில் பட்டன் ஆழத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தேய்ந்த டயரில் கத்தியால் பள்ளத்தை ஆழமாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள், 1.6 மி.மீ. மேடுகளும் சேர்ந்து வெட்டப்பட்டிருந்தால், அல்லது பள்ளத்தின் அடி கரடுமுரடாக இருந்தால், அது அத்தகையது. முதலில் தேதியைப் பாருங்கள். பிறகு ரிம்மிலிருந்து கழற்றச் சொல்லி உள்பக்கத்தில் கையை ஓட்டுங்கள். பக்கச்சுவரின் உட்புறம் சுற்றிலும் கருந்தூள் உதிர்ந்திருந்தால் அந்த டயர் காற்றில்லாமல் ஓடியிருக்கிறது. பட்டன் 9 மி.மீ. இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.